ஊதாமல் நின்ற ட்ரம்பெட்காரர்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாண ஊர்வலத்தின் முன்னால் போகும் பேண்ட் செட்டை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? சிவப்புக் கோட்டு, தங்கப் பின்னல், தலையில் தொப்பி, ஆளுக்கொரு பித்தளை வாத்தியம். அதில் எத்தனை பேர் உண்மையிலேயே ஊதினார்கள் என்று என்றைக்காவது உற்றுப் பார்த்ததுண்டா? பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பார்க்காமல் இருந்ததால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

என் அப்பா ஆஸ்டின் டவுனில் பேண்ட் செட் வைத்திருந்தார். வீட்டின் முன் அறைதான் கடை. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, ஆள் நிறைய இருக்கிற பெரிய செட்டாகக் கேட்பார்கள். வைகாசி முகூர்த்தத்தில் ஊதத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் எங்கே கிடைப்பார்கள்? மீதி இடத்துக்கு அப்பா ஆள் பிடிப்பார். கொஞ்சம் உயரமாக, காலைச் சேர்த்து நடக்கத் தெரிந்தவனாக இருந்தால் போதும். கோட்டை மாட்டி, கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்து, நடு வரிசையில் நிறுத்திவிடுவார். தொழிலில் அவர்களுக்குப் பெயர் டம்மி. டம்மி வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு நடக்கலாம், காற்று மட்டும் விடக் கூடாது. உற்சாகத்தில் யாராவது விட்டுவிடுவார்கள் என்பதால் அப்பா குழாய்க்குள் ஒரு துணி உருண்டையைத் திணித்து வைப்பார். பழைய பாவாடைத் துணி, பெரும்பாலும் என்னுடையது.

இப்போது நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். எதிரே கல்யாண மண்டபம். பேண்ட் வரும் சத்தம் கேட்டால் பால்கனிக்கு ஓடி, டம்மி யார் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். "ஸ்டார்ட் பண்ணிட்டியாம்மா?" என்று மகள் சிரிப்பாள். எல்லா ஊர்வலத்திலும் இருக்கிறார்கள். அந்த வழக்கத்தை யாரும் விட்டுவிடவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட டம்மியைப் பற்றி.

நான் சின்னப் பெண்ணாக இருந்த ஒரு கோடையில் அவர் வந்தபோது கடையில் அப்பாவும் அத்தையும் நானும் இருந்தோம். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தா பாட்டி போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். பேண்ட் கோட்டுகளுக்குப் பின்னல் தைப்பதும் பித்தான் மாற்றுவதும் அவள் வேலை. வாய் நிறைய ஊசியும் நூலுமாக இருப்பாள், அதனால் அதிகம் பேச மாட்டாள். வந்தவர் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். பகலில் ஏதோ ஃபேக்டரியில் வேலை, ஒக்கலிபுரத்தில் வாடகை ரூம். சின்ன வயதில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்து பேண்டில் ட்ரம்பெட் ஊதியதாகச் சொன்னார்.

"எங்க, ஒண்ணு ஊது பாப்போம்" என்று அப்பா அப்போது எல்லா ரேடியோவிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னார்.

"நோட்ஸ் இருக்குங்களா?" என்றார் அவர்.

"நோட்ஸா? கல்யாணத்துல பேப்பரத் தூக்கிகினு எவன்யா நடப்பான்? காதுல கேட்டத ஊதணும்."

அவர் முயற்சி செய்தார். அந்தப் பாட்டில் இருந்த வளைவு, குழைவு எல்லாம் போய், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி நேர்நேராக வந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா பாட்டைக் கேட்கக்கூட இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தார். அப்பாவின் கணக்கு ஒன்றுதான்: ஊதுகிறவனுக்குக் கன்னம் உப்ப வேண்டும். இரண்டு பக்கமும் பூரி மாதிரி எழும்ப வேண்டும். அவருக்குக் கன்னம் அசையவே இல்லை.

"காத்தே இல்லியேப்பா" என்றார் அப்பா. "ஆனா ஆள் பளிச்சுனு இருக்க. டம்மியா நிக்கிறியா?"

அவர் சரி என்றார். ஏன் சரி என்றார் என்று பல வருஷம் கழித்து அவரிடமே கேட்டேன். ஊர்வலத்தில் அத்தனை வாத்தியத்துக்கு நடுவில் நடப்பதே பிடித்திருந்தது என்றார். அது பாதி உண்மையாக இருக்கலாம். மீதிப் பாதி வாயில் நூலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் அவரை டம்மி அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. மற்ற ஆட்கள் ஊர்வலம் முடிந்ததும் வியர்வையோடு கோட்டைச் சுருட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். இவர் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். அவர் கோட்டில் தைக்க ஒன்றும் இருக்காது. இருந்தும் அத்தை ஏதாவது ஒரு பித்தானைப் பிய்த்து மறுபடி தைப்பாள், அவர் அதுவரை நின்றுகொண்டிருப்பார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் புளி போட்டுப் பித்தளை தேய்த்துக்கொண்டிருந்தேன். புளியும் பித்தளையும் சேர்ந்த அந்த வாசனை, கையில் மூன்று நாள் நிற்கும், எனக்கு இன்றைக்கும் காதல் என்றால் அந்த வாசனைதான்.

ஒருநாள் அவர் நேராக அப்பாவிடமே வந்து அத்தையைக் கேட்டுவிட்டார்.

அப்பா முதலில் சிரித்தார். பிறகுதான் கோபம் வந்தது. இது வசதி பற்றிய விஷயம் இல்லை, சாதி பற்றியதும் இல்லை, அதெல்லாம் பொருந்தித்தான் இருந்தது. பேண்ட் வீட்டுக் கௌரவம் என்று ஒன்று உண்டு. கிளாரினெட்காரன் வீட்டுப் பெண் ட்ரம்பெட்காரன் வீட்டுக்குப் போவாள், டிரம்காரன் வீட்டுப் பெண் யூஃபோனியம்காரன் வீட்டுக்குப் போவாள். டம்மிக்கு யாரும் பெண் கொடுத்ததில்லை. ஊருக்கெல்லாம் டம்மியை ஊதுகிறவன் என்று காட்டுகிற மனிதர், தன் வீட்டுக்கு அப்படி ஒருவனை எடுக்கத் தயாராக இல்லை.

"என் தங்கச்சியக் கொண்டுபோய் ஒரு டம்மிக்குக் குடுத்தேன்னா அத்தன செட்காரனும் சிரிப்பான்" என்று அம்மாவிடம் கத்தினார். வாணியம்பாடியில் ஒரு கிளாரினெட்காரர் பெண் தேடிக்கொண்டிருந்தார். அவரை நான் பார்த்திருக்கிறேன். கன்னம் நன்றாகவே உப்பும். சும்மா இருக்கும்போதும் உப்பித்தான் இருக்கும்.

அப்போதுதான் அத்தை வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"அவருக்கு ஊத வரும்ணா. ஞாயித்துக்கிழம ஹால்ல ஊதுறாரு. வந்து பாரு."

விஷயம் இதுதான். ஊரில் மேற்கத்திய சங்கீதம் வாசிக்கிற ஒரு குழு இருந்தது. பேங்க் ஆபீசர்கள், டீச்சர்கள், வயலின் வாசிக்கிற கிழவிகள். குச்சியை ஆட்டி நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டம்மி அண்ணா அங்கே போய் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். இந்தத் தடவை ஒரு கான்செர்ட்டோ வாசிக்கப் போகிறார்கள், அதில் ட்ரம்பெட் அவர். கான்செர்ட்டோ என்றால் என்ன என்று அத்தை எனக்கு விளக்கினாள். "எல்லாரும் வாசிப்பாங்க. ஆனா பாட்டு இவரோடது. இவரு ஒரு பக்கம், அத்தன பேரும் ஒரு பக்கம்." அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். அவர் ஊதி அவளும் அன்றுவரை முழுசாக ஒரு பாட்டுக் கேட்டதில்லை.

அப்பா யோசித்தார். "சரி. அவன் தனியா ஊதுறத என் கண்ணால பாத்தா நான் மறுபேச்சு பேசல. இல்லன்னா அடுத்த முகூர்த்தத்துல வாணியம்பாடி. ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சேரிக்கு அத்தை, அப்பா, நான் மூவரும் போனோம். அன்றைக்கு இருட்டிய பிறகு சிவாஜிநகரில் ஒரு ஊர்வலம் ஒப்புக்கொண்டிருந்ததால் அப்பா பேண்ட் மாஸ்டர் கோட்டோடேயே வந்துவிட்டார். சிவப்பு வெல்வெட், தோளில் தங்கக் குஞ்சம். ஹாலில் எல்லாரும் வெள்ளைச் சட்டையும் பட்டுப் புடவையுமாக உட்கார்ந்து மெதுவாக இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நாலாவது வரிசை நடுவில் போய் உட்கார்ந்தார்.

டம்மி அண்ணா யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டில் வந்தார். கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் குச்சியைத் தூக்கினார், வாத்தியங்கள் ஆரம்பித்தன.

டம்மி அண்ணா ஊதவில்லை.

உங்களில் இந்தச் சங்கீதம் தெரிந்தவர்கள் இப்போது சிரித்திருப்பீர்கள். பழைய கான்செர்ட்டோக்களில் அதுதான் வழக்கம். முதலில் மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து பாட்டை முழுசாக ஒருமுறை வாசிப்பார்கள், தனியாக வாசிக்கிறவர் முன்னால் நின்று காத்திருப்பார். டம்மி அண்ணாவுக்கு அது அவ்வளவு சாதாரணமான விஷயம் என்பதால் அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் மூவருக்கும் எப்படித் தெரியும்? அவர் நின்றார். ட்ரம்பெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, நேரே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர்வலத்தில் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார்.

"பாத்தியா?" என்றார் அப்பா.

"இருண்ணா. ஊதுவாரு."

"அத்தன பேரும் வாசிக்கிறான், இவன் மட்டும் நிக்கிறான். இதுக்கு இன்னா அர்த்தம்? எனக்கா தெரியாது?"

"கொஞ்சம் இருண்ணா."

வயலின்கள் ஒரு சுற்று வந்து, மறுபடி இன்னொரு சுற்று ஆரம்பித்தன. அத்தையின் கை என் கையைப் பிடித்திருந்தது, வேர்த்து வழுக்கியது. அப்பா குரலைத் தாழ்த்த முயற்சி செய்தார், வரவில்லை. "பெரிய மனுஷங்க செட்டுலயும் டம்மிதான் வெக்கிறாங்க. ஆள் பளிச்சுனு இருக்கான், முன்னாடி நிறுத்திட்டாங்க. எந்திரி."

எழுந்துவிட்டார். ஒரு கையில் அத்தை, ஒரு கையில் நான். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள். நாங்கள் நடுவழியில் வாசலை நோக்கி நடந்தோம். மேடையிலிருந்து பார்த்தால் தெரியாமல் போவதற்கு அது என்ன சாதாரணக் கோட்டா? அவர் பார்த்தார். நான் திரும்பி அவரைப் பார்த்ததால் எனக்குத் தெரியும். எங்கள் பின்னால் கதவு மூடியது.

வராண்டாவுக்கு வந்து அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது உள்ளே ட்ரம்பெட் கேட்டது.

நான் ட்ரம்பெட் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ட்ரம்பெட்டுகள் தெருவைத் திரும்பிப் பார்க்க வைப்பதற்காக ஊதப்படுகிறவை, அதனால் அவை கத்தும். இது கத்தவில்லை. மூடிய மரக்கதவைத் தாண்டி, சுத்தமாக, அவசரமில்லாமல் வந்தது. வயலின்கள் அத்தனையும் சொன்னதையே இது ஒற்றை ஆளாகத் திரும்பச் சொன்னது. பிறகு படபடவென்று மேலே ஏறி, அங்கே ஒரு சுரத்தில் நின்றது. நாங்கள் வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற மனிதர், அடுத்த நிமிஷம் இப்படி ஊதினார்.

அப்பா அசையாமல் நின்றார். அவருக்கு ட்ரம்பெட் தெரியும். "யப்பா..." என்றார். "எவன்டா இவன்?"

"அவருதாண்ணா" என்றாள் அத்தை. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அவனா? அவன் ஊதினத நான் கேட்டிருக்கேன். இது எவனோ மிலிட்டரி பேண்டு ஆளு. பின்னாடி ஒக்காந்து ஊதுறான், இவன் முன்னாடி வாயில வெச்சிகினு நிக்கிறான். நானே எத்தன ஊர்வலத்துல பண்ணியிருக்கேன்."

அத்தை கதவுக்கு ஓடினாள். வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார். "ஈக ஒளகே பிடல்லம்மா. இது முகீலி, ஆமேலே ஹோகி" என்றார். இப்போது உள்ளே விட மாட்டேன், முடியட்டும், அப்புறம் போ என்று அர்த்தம். பாட்டு நடக்கும்போது கதவைத் திறப்பது அங்கே பெரிய குற்றம். அத்தை கன்னடத்தில் கெஞ்சினாள், எங்கள் மனுஷன் உள்ளே ஊதுகிறார் என்றாள். வாட்ச்மேன் அப்பாவின் கோட்டைப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினார். அத்தை அப்படியே மூடிய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் பகுதி முடிந்தது. உள்ளே ஒரே அமைதி.

"பாத்தியா, ஒருத்தனும் கை தட்டல" என்றார் அப்பா. பகுதிக்குப் பகுதி அங்கே கைதட்ட மாட்டார்கள் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்? "உள்ள இருக்கிறவனுக்கும் தெரிஞ்சிருக்கு."

வாட்ச்மேன் கதவைத் திறந்தார். "வாண்ணா, ஜல்தி, உன் கண்ணால வந்து பாரு" என்று அத்தை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வரவில்லை. எனக்குத் தெரியாத வித்தையா என்று சொல்லிவிட்டு, வெளியே மரத்தடிக்குப் போய் பீடி பற்றவைத்தார். பிடிவாதம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். உள்ளே போனால் தான் சொன்னது பொய்யாகிவிடுமோ என்ற பயமும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அத்தையும் நானும் பின்சுவர் ஓரமாக நின்று மீதியைக் கேட்டோம். இரண்டாம் பகுதி மெதுவான பாட்டு. அவர்தான் ஊதினார். மூச்சு இழுக்கும்போது தோள் ஏறுவது தெரிந்தது, விரல்கள் அழுத்துவது தெரிந்தது. பாதியில் எங்களைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் பாட்டு ஒரு இழைகூட அசையவில்லை. அத்தை அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், ஊசி வைத்திருக்கும் பழக்கம். முடிந்ததும் ஹாலே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், அத்தைக்குத் தட்டத் தோன்றவில்லை.

வெளியே வந்தபோது அப்பா அத்தையை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டார். அவர் சாட்சியாக நம்பியது என்னை.

"நீ சொல்லு. ஊதுனது அவனா?"

"அவருதான்ப்பா. நான் பாத்தேன்."

"கன்னம் உப்புச்சா?"

நான் ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். "இல்லப்பா. உப்பவே இல்ல."

"அவ்ளோதான்" என்றார் அப்பா.

முறையாகக் கற்றவர்கள் கன்னத்தை உப்ப விடமாட்டார்கள் என்பதைக் என் மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் சொன்னது கலப்படமில்லாத உண்மை, அதுவே அவருக்கு எதிராகப் போய்விட்டது.

அதற்குள் டம்மி அண்ணா பெட்டியோடு வெளியே ஓடி வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. அத்தையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க மாஸ்டர்" என்றார். "இங்கயே ஊதிக் காட்டுறேன்." படியிலேயே மண்டி போட்டுப் பெட்டியின் கொக்கியைத் திறந்தார்.

"வேணாம்" என்றாள் அத்தை.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூடுங்க. ஊத வேணாம்."

"ஊதட்டுமே, இன்னா இப்போ?" என்றார் அப்பா. கேட்க அவருக்கும் ஆசைதான், குரலிலேயே தெரிந்தது.

"எதுக்குண்ணா? அவ்ளோ பெரிய ஹால்ல ஊதிட்டு வந்திருக்காரு, படியில மண்டி போட்டு உனக்குப் பரீட்ச குடுக்கணுமா?" அத்தை இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நீ சொல்றதே சரின்னு வெச்சுக்கோ. அவரு டம்மிதான். நம்ம கடைக்கு வந்தப்பவும் டம்மியாத்தான் வந்தாரு, எனக்குப் புடிச்சப்பவும் டம்மிதான். நான் டம்மியத்தான் கட்டிக்கப் போறேன்."

அவர் பெட்டியை மூடினார். அப்பா, ஊர்வலத்துக்கு நேரமாகிறது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அந்தச் சிவப்புக் கோட்டோடு ஆட்டோ பிடித்துப் போனார். எங்களை டம்மி அண்ணாதான் பஸ்ஸில் கொண்டுவந்து விட்டார். வழியில் எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் கடலை கிடைத்தது.

வீட்டில் சில நாள் இப்படியே போயின. அம்மா சாப்பாடு போடுவாள், அப்பா சாப்பிடுவார், அத்தை தைப்பாள். பிறகு ஒரு காலையில் வாணியம்பாடிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக அப்பா சொன்னார். காரணம் சொல்லவில்லை.

டம்மி அண்ணா எனக்கு மாமா ஆனார். பல வருஷம் அந்தக் குழுவில் ஊதினார், ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு அழைப்பு வந்தது, ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு ஊர்வலம் இருந்தது. அத்தை அப்புறம் வற்புறுத்தவே இல்லை. அப்பா கடைசிவரை மாமா ஊதிப் பார்க்கவில்லை. எத்தனை காலம் நான் அப்பாவை அதற்காகத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? கண்ணெதிரே இருந்த பெரிய கலைஞனைக் கடைசிவரை தெரிந்துகொள்ளாத மனிதர் என்று என் பிள்ளைகளிடமே சொல்லியிருக்கிறேன். அப்பாவின் வயதையும் தாண்டிவிட்ட பிறகு எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. நல்ல ட்ரம்பெட்காரன் என்று தெரிந்து தங்கையைக் கொடுக்க எந்த அண்ணனாலும் முடியும். என் அப்பா அவரை டம்மி என்று நம்பிக்கொண்டேதான் கொடுத்தார்.

கல்யாணத்துக்குச் சொல்ல ஒக்கலிபுரத்துக்கு அப்பா போனபோது நானும் கூடப் போனேன். பெரிய செட் வைத்திருந்த ஒரு பங்காளி வீடு. நாலு பேண்ட்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தாம்பாளத்தை நீட்டினார். பெரியவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை என்ன வாசிக்கிறார் என்று கேட்டார்.

அப்பா நினைத்திருந்தால் ட்ரம்பெட் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? வாழ்நாள் முழுக்க ஊருக்கு அந்தப் பொய்யைத்தானே சொன்னார்.

"ஊத வராது" என்றார் அப்பா. அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "டம்மி. என் தங்கச்சிக்குப் புடிச்சிருக்கு. நீங்க எல்லாம் குடும்பத்தோட வந்துடணும்."